எட்டாவது வீட்டில் யாரும் வேலை பார்ப்பதில்லை

இன்னும் கூப்பிடல. கூப்பிடும்போது கூப்பிடட்டும், எனக்கென்ன, நான் காலையில எந்திரிச்சதுல இருந்தே ரெடி, இட்லி ரெண்டுக்கு மேல இறங்கல, சேலைக் கொசுவத்தைத் திரும்பத் திரும்ப அவுத்துக் கட்டியாச்சு, பஸ்ல கண்டக்டர் டிக்கெட் கேட்டது காதுல விழாம, அவரு "என்னம்மா, நின்னுக்கிட்டே தூக்கமா"ன்னு கேட்டதுக்குச் சிரிச்சுத் தொலைச்சிட்டேன். சிரிக்காத ஆவுடைச்செல்வி, உள்ள போயும் இப்படிச் சிரிச்சிராத, மூணு பெரிய மனுஷங்க உக்காந்திருப்பாங்க, கிறுக்கின்னு நினைச்சிருவாங்க. பயம்னு சொன்னா பயம். ஆனா பரீட்சைக்குப் போற பயம் இல்ல இது, ராட்டினத்துல ஏறி உக்காந்தப்புறம், இன்னும் சுத்த ஆரம்பிக்கறதுக்கு முன்னால வரும்ல, அந்தப் பயம். ஏன் வேணும்? அதான் கேப்பாங்க. எல்லாரும் சொல்லிட்டாங்க, வேற எதுவும் கேக்க மாட்டாங்க, உங்களுக்கு இது ஏன் வேணும், இது இல்லாம உங்க ஆராய்ச்சி நடக்காதா, அவ்வளவுதான். நடக்காது சார். நடக்கவே நடக்காது. ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்திருக்கேன், தமிழ்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு, எங்க கைடு தேவசகாயம் சார் பச்சை மையில திருத்தித் திருத்தி, கடைசியில அவரே "யம்மா, இதுக்கு மேல நியாயம் சொல்லணும்னா கோர்ட்டுக்குத்தான் போவணும்"னு சொன்ன ரெண்டு பக்கம். எனக்கு மனப்பாடம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கேளுங்களேன், சீக்கிரம் கூப்பிட்டுக் கேளுங்களேன், எவ்வளவு நேரந்தான் இந்தக் கணக்கெடுப்பு ஆபீஸ் மரப்பெஞ்சுல உக்காந்து எதுத்த செவுத்துல இருக்கற பல்லியப் பாத்துக்கிட்டு இருக்க.

சுலபமாச் சொல்லணும், மொதல்ல சுலபமா ஆரம்பிக்கணும், போன தடவை செமினார்ல எடுத்த எடுப்புலயே கணக்குக்குள்ள போயி எல்லாரும் கொட்டாவி விட்ட மாதிரி ஆயிரக்கூடாது. சார், வருஷா வருஷம் வீடு வீடா ஆள் அனுப்பி, இந்த வீட்ல யாரு யாரு வேலை பாக்கிறீங்க, என்ன வேலை, என்ன கூலின்னு கேக்குறீங்க. கேட்டதை ஒரு ஃபைலாக்கி வெளியில விடுறீங்க, யாரு வேணாலும் எடுத்துப் பாக்கலாம், பேரு இருக்காது, விலாசம் இருக்காது, நல்லது. ஆனா அதுல இருந்து ரெண்டு விஷயத்தை உருவி உள்ளயே வச்சுக்கிட்டீங்க. கேள்வி கேட்ட ஆளோட நம்பர் ஒண்ணு. எத்தனை மணிக்குக் கேட்டாங்கங்கறது இன்னொண்ணு. அந்த ரெண்டும்தான் எனக்கு வேணும். ஏன்னா நான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன் சார். ஐயோ, இந்த இடம் வரும்போது குரல் ஏறிரும், ஏறக்கூடாது. அன்னைக்கு ஹாஸ்டல் மெஸ்ஸுல கத்துனேனே, சாம்பார் வாளியோட வந்த அக்கா பதறிப்போயி "பாம்பா?"ன்னு கேட்டாளே, அப்படிக் கத்தக்கூடாது. வெளியில விட்ட ஃபைல்லயே, எந்த வீட்டுக்கு மொதல்ல போனாங்க, எந்த வீட்டுக்குக் கடைசியில போனாங்கன்னு வரிசை இருக்கு. அதை யாரும் ஒரு பொருட்டாப் பாக்கல, வெறும் வரிசை எண்தானேன்னு விட்டுட்டாங்க. ஒரு தெருவுல ஒரு நாளைக்கு எட்டு வீடு. நான் சும்மா விளையாட்டுக்கு, மொத வீட்டுப் பொம்பளைங்களை எல்லாம் ஒரு பக்கம், ரெண்டாவது வீட்டுப் பொம்பளைங்களை ஒரு பக்கம்னு பிரிச்சுப் போட்டுப் பாத்தேன். மொத வீட்டுல பாதிப் பேருக்கு மேல வேலை பாக்கிறாங்க. ரெண்டாவது வீட்டுல கொஞ்சம் கொறையுது. மூணுல இன்னும் கொறையுது. படி இறங்குற மாதிரி இறங்கி இறங்கி இறங்கி, எட்டாவது வீட்டுக்கு வரும்போது ஒருத்தியும் வேலை பாக்கல. ஒரே தெரு சார்! ஒரே தண்ணிக் குழாய், ஒரே பீடிக் கம்பெனி, ஒரே கூலி. மொத வீட்டுக்காரி வேலைக்காரி, எட்டாவது வீட்டுக்காரி மட்டும் மகாராணியா? எட்டாவது வீட்டுல பிறந்தா வேலையே பாக்க வேண்டாம்னு வரமா வாங்கிட்டு வந்தா? ஆம்பளைகளைப் பாருங்க, மொத வீட்டுலயும் வேலை, எட்டாவது வீட்டுலயும் வேலை, ஒரு இம்மி இறங்கல. பொம்பளைங்க மட்டும் சாயங்காலம் ஆக ஆகக் காணாமப் போறாங்க. நாட்டுல பொம்பளைங்க வேலைக்குப் போறது கொறைஞ்சு போச்சுன்னு பேப்பர்ல எழுதுறாங்க, கூட்டம் போட்டுக் கவலைப்படுறாங்க, ஏன் கொறைஞ்சதுன்னு புஸ்தகம் போடுறாங்க. கொறையவே இல்லைய்யா, எட்டாவது வீட்டுல எவனும் ஒழுங்காக் கேக்கல!

எவனும்னு சொல்லக்கூடாது. எவளும். கேக்கப் போறதெல்லாம் பொம்பளைங்கதான், கான்ட்ராக்ட்ல எடுத்தவங்க. இந்த இடத்தைச் சொல்லத்தான் எனக்குச் சங்கடம். ஏன்னா எனக்கு இந்தப் புத்தியெல்லாம் கணக்கு பாத்து வந்ததில்ல, மதினி சொல்லி வந்தது. முப்புடாதி மதினி, எங்க அண்ணன் பொண்டாட்டி, தென்காசிப் பக்கம் இதே கணக்கெடுப்புல அஞ்சாறு வருஷமா ஊர் ஊராப் போறா. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப நானும் ஒரு நா கூடவே தொத்திக்கிட்டுப் போனேன், கேள்வி எல்லாம் எப்படிக் கேக்குறாங்கன்னு பாக்க. கடைசி வீடு. வெயில் இறங்கிருச்சு. ஒரு பொம்பள வாசப்படியில உக்காந்து மடியில சொளவை, அதான் முறத்தை, வச்சு பீடி சுத்திக்கிட்டு இருக்கா. விரலு நிக்கவே இல்ல, இலையை எடுக்குது, தூளை வைக்குது, உருட்டுது, நூலைச் சுத்துது, மடக்குது, அடுத்த இலை. கண்ணு எங்களைப் பாக்குது, விரலு அது பாட்டுக்கு ஓடுது. மதினி கேட்டா, "ஏதும் வேலை பாக்குதீங்களாக்கா?" அந்தப் பொம்பள, பீடியைக் கடைசி மடிப்பு மடிச்சுக்கிட்டே சொன்னா, "இல்லத்தா, வீட்டுல சும்மாத்தான் இருக்கேன்." மதினி டேப்லட்டுல 'இல்லை'ன்னு அமுக்கிட்டா. எனக்குப் பொறுக்கல. வெளியில வந்து "என்ன மதினி, அவ பீடி சுத்துறா, நீங்க வேலை இல்லைன்னு போடுறீங்க"ன்னு கேட்டேன். மதினிக்குக் கோவம் வரல, சிரிச்சா. "ஏளா, ஆமான்னு அமுக்கிப் பாரு. அமுக்குன உடனே பின்னால கேள்வியாத் தொறக்கும், என்ன வேலை, எத்தனை மணி நேரம், யாரு குடுக்கா, கூலி என்ன, பி.எஃப். உண்டா, பாஸ்புக்கு உண்டான்னு அனுமார் வாலு மாதிரி போவும். இல்லைன்னு அமுக்கு, அந்தால முடிஞ்சுது. அந்தா பாரு, பஸ்ஸு வந்து திரும்பி நிக்கி, அதை விட்டா நானும் நீயும் நடந்துதான் வீட்டுக்குப் போவணும்." சொல்லிக்கிட்டே ஓடுனா, நானும் சேலையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே ஓடுனேன். மொத வீட்டுல இதே மதினிதான், இன்னொரு பீடிக்காரி சும்மா இருக்கேன்னு சொன்னதுக்கு, "சும்மா இருக்கவ மடியில சொளவு எதுக்குக்கா"ன்னு கேட்டு, அவளைச் சிரிக்க வச்சு, எல்லாக் கேள்வியையும் கேட்டு வாங்கினா. அதே மதினி. அதே நாள்.

அப்ப நான் நெஜமாவே அதைப் பெருசா நினைக்கல, பஸ்ஸைப் பிடிச்சதுல மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தேன். ஹாஸ்டலுக்கு வந்து ஃபைல்ல அந்த நம்பரெல்லாம் படிப்படியா இறங்குறதைப் பாத்தப்பதான் மண்டைக்குள்ள பட்டுன்னு லைட் எரிஞ்சுது. தேவசகாயம் சாருகிட்ட ஓடுனேன். அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு, "கேட்டது யாருன்னு தெரியாம, சொன்னது உண்மையான்னு எப்படிம்மா சொல்லுவே? நம்பரைக் கேளு. எந்தக் கணக்கெடுப்பாளர் எத்தனை பேரை விடுறாங்கன்னு காட்டு. அசைக்க முடியாது உன்னை"ன்னு சொன்னாரு. அசைக்க முடியாதுங்கற வார்த்தையில மயங்கிட்டேன், அன்னைக்கு ராத்திரியே எழுத ஆரம்பிச்சிட்டேன். கணக்கெடுப்பாளர் எண் இல்லாமல் இந்த ஆய்வு சாத்தியமே இல்லை. எவ்வளவு கம்பீரமா இருக்கு. எழுதி முடிச்சு, அனுப்பி, இந்தக் கமிட்டிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்து, துள்ளிக் குதிச்சு, அப்புறந்தான் ஒரு நா குளிச்சுக்கிட்டு இருக்கும்போது சோப்பு கையில இருந்து வழுக்கி விழுந்த மாதிரி தோணுச்சு, அந்த நம்பர்கள்ல ஒண்ணு மதினியோட நம்பராச்சே. பேரு இருக்காது, சரி. எனக்குப் பேரு எதுக்கு? எந்தெந்த ஊருக்கு எந்த மாசம் போனான்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சா பரவால்ல, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆபீஸுக்கும் தெரியும்ல, நம்பர் குடுத்ததே அவுங்கதானே. போன வருஷம் அவ கூட வேலை பாத்த ரெண்டு பேரை, பஸ் ஸ்டாப்புலயே உக்காந்து பதிலை ரொப்புனாங்கன்னு சந்தேகப்பட்டு, அடுத்த கான்ட்ராக்ட் குடுக்காம விட்டுட்டாங்க. கேள்வி இல்ல, விசாரணை இல்ல. அண்ணன் வெல்டிங் பட்டறையை மூடுனதுல இருந்து அந்த வீட்டுல அடுப்பு எரியறது மதினி சம்பளத்துலதான். நான் படிச்சதும் பாதி அதுலதான், அதையும் சொல்லணும். சரி சரி, அதை நினைக்காத, இன்னைக்கு நல்ல நாள். நான் காட்டப் போறது மதினியை இல்ல, மதினி மாதிரி இருக்கிற ஆயிரம் பேரை. கூட்டத்துல ஒருத்தி. கூட்டத்துல யாரு முகம் தெரியும்? அந்தா, கதவுக்கு வெளியில ஸ்டூல்ல உக்காந்திருக்கிற ஆபீஸ் அக்கா, காக்கிச் சேலை, மடியில ஈரத்துணியைப் போட்டு மல்லிப்பூ கட்டிக்கிட்டு இருக்காங்க. ஆபீஸ் நேரத்துல! எனக்கு வாய் சும்மா இருக்குமா. "அக்கா, இதுவும் உங்க வேலையா?" அந்தக்கா நிமிர்ந்து கூடப் பாக்கல. "ஐய, இது வேலையாம்மா? சும்மா கைக்குப் பொழுது போவணும்னு கட்றேன். சாயங்காலம் ஸ்டேஷனாண்ட ஒரு பொண்ணு காசு குடுத்து எடுத்துக்குது." தினமுமான்னு கேட்டேன். "பின்ன, தினமும்தான்." கேட்டீங்களா சார், கேட்டீங்களா, உங்க கதவுக்கு வெளியிலயே நிக்குது என் ஆராய்ச்சி! எனக்கு எந்திரிச்சு அந்தக்கா கையைப் பிடிச்சுக் குலுக்கணும் போல இருந்துச்சு. பூ கொட்டிருமேன்னு விட்டுட்டேன்.

பைக்குள்ள போன் உறுமுது. அணைச்சுத் தொலைக்கலியா நான். மதினி. எடுக்கவா வேண்டாமா, எடுத்தா அழுதுருவேனா சிரிச்சிருவேனான்னு தெரியல, எடுத்துட்டேன். "என்னளா, உள்ள போயிட்டியா?" இல்ல மதினி, உக்கார வச்சிருக்காங்க. "உக்கார வைக்கதுதான் அவுங்க வேலை. நல்லா சாப்பிட்டியா? தலையில எண்ணெய் வச்சியா? பரட்டையாப் போயி நிக்காத." பின்னால ஆடு கத்துது, யாரோ தண்ணி புடிக்கற சத்தம். எந்த ஊர்ல இருக்கீங்கன்னு கேட்டேன். "பேரு சொன்னாலும் உனக்குத் தெரியாது, மலையடிவாரம், இன்னும் மூணு வீடு கெடக்கு. அது இருக்கட்டும், இந்த நம்பரு கேக்கப் போறேன்னியே, அதுல என் நம்பரும் வரும்லா?" மதினி, பேரெல்லாம் வராது, வெறும் நம்பர்தான், யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாதுன்னு கடகடன்னு சொன்னேன். மதினி அந்தப் பக்கம் சிரிக்கா. "எனக்குத் தெரியும்லளா என் நம்பரு. சரி, போட்டும். நீ பயந்து எதையும் விட்டுட்டு வந்திராத. நான் எட்டாவது வீட்டுல கள்ளத்தனம் பண்ணலைன்னு சொல்லல. பண்ணத்தான் செய்யுதேன். என்னை மட்டும் போட்டு, அந்தப் பஸ்ஸைப் போடாம விட்டுராத, அம்புட்டுதான்." வச்சுட்டா. நான் பதில் சொல்றதுக்குள்ள வச்சுட்டா. கோவமா? இல்ல, கோவம்னா அவ எண்ணெய் வச்சியான்னு கேக்க மாட்டா. பஸ்ஸைப் போடணுமாம்! பஸ்ஸுக்கு எங்க போவேன், எந்த ஃபைல்லயாவது பஸ் இருக்குமா? சிரிப்புதான் வருது. சிரிக்கும்போதே என்னமோ உள்ள உறுத்துது, பல்லுல மாட்டுன நாரு மாதிரி, நாக்கு அங்கயே போகுது. பஸ்ஸு. கடைசி பஸ்ஸு. அதுக்குள்ள ஆபீஸ் அக்கா பூவை ஸ்டூலுக்கு அடியில தள்ளிட்டு "ஆவுடைச்செல்வி யாரும்மா, வா வா"ன்னு கூப்பிட்டுட்டாங்க.

உள்ள ஏ.சி. நடுக்குது. நீள மேஜை. நடுவுல தலைவர், நெத்தியில கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு. அவருக்கு வலது பக்கம் செக்ரட்டரி, முன்னால என் ரெண்டு பக்கம், மஞ்சள் கோடு போட்டுப் போட்டு, அம்மாடி, இவ்வளவு கவனமா எங்க ஆச்சி தாலிக்கு மஞ்சள் தேய்ச்சிருக்க மாட்டா. இடது பக்கம் ஸ்வெட்டர் போட்ட வயசான அம்மா ஒருத்தங்க, வெளியில இருந்து வந்த உறுப்பினராம், பேராசிரியரா இருந்து ரிட்டையர் ஆனவங்களாம், டீயில பிஸ்கட்டை முக்கிக்கிட்டு இருந்தாங்க. "உக்காருங்கம்மா"ன்னாரு தலைவர். உக்காந்தேன். ஏன் வேணும்னு கேளுங்க, கேளுங்க, கேளுங்க. கேக்கவே இல்ல! "உங்க விண்ணப்பம் ரொம்பப் பிரமாதம்மா"ன்னுட்டாரு. "இவ்வளவு தெளிவா யாரும் எழுதினதில்ல. கணக்கெடுப்பாளர் எண்தானே? தர்றோம். தர்றதா முடிவே பண்ணிட்டோம்." எனக்குக் காது ரெண்டும் சூடாயிருச்சு. தர்றாங்களா? அவ்வளவுதானா? மாசக் கணக்கா அலையறேன், ரெண்டு நிமிஷத்துல தர்றாங்களா? நன்றி சார்னு சொல்றதுக்கு வாயைத் திறக்கறேன், செக்ரட்டரி உள்ள புகுந்தாரு. "ஒரே ஒரு சின்ன கண்டிஷன் மேடம். உங்க கணக்குல யாரு யாரு ரொம்ப மோசம்னு வருதோ, அந்த நம்பர் லிஸ்ட்டை மொதல்ல எங்களுக்குக் குடுத்துருங்க. கான்ட்ராக்ட் ஸ்டாஃப்தான், எங்களுக்கும் களையெடுக்க உதவியா இருக்கும்." நேரம் சார்? எத்தனை மணிக்குக் கேட்டாங்கங்கறது? அதையும் கேட்டிருந்தேனே. "அது முடியாது மேடம். அது உள் நிர்வாக விஷயம்." ஆளைத் தர்றாங்க, மணியைத் தர மாட்டாங்களாம். ஆளு உள் நிர்வாகம் இல்ல, கடிகாரம்தான் உள் நிர்வாகம். அப்பதான் பாருங்க, மண்டைக்குள்ள அந்த நாரு தானா கழண்டு வந்துச்சு. நம்பர் மட்டும் இருந்தா என்ன தெரியும்? முப்புடாதி பொம்பளைங்களை விட்டுட்டாங்கறது தெரியும். நேரமும் இருந்தா என்ன தெரியும்? காலையில அதே முப்புடாதி ஒருத்தியையும் விடலைங்கறது தெரியும். ஒரு நாளைக்கு எட்டு வீடுன்னு இந்த ஆபீஸ் போட்ட கணக்கு ஒரு பகலுக்குள்ள அடங்குமா அடங்காதான்னு தெரியும். நம்பர் காட்டுறது மதினியை. நேரம் காட்டுறது இந்த மேஜையை. நான் ரெண்டு பக்கத்துல வரிந்து கட்டிக்கிட்டுக் கேட்டது, அட கிறுக்கி, அவுங்களுக்கு வேண்டியதை!

"எனக்கு நம்பர் வேண்டாம் சார்"னேன். சொன்னது நான்தானா? தலைவர் கண்ணாடியை நெத்தியில இருந்து மூக்குக்கு இறக்கிப் பாத்தாரு. "என்னம்மா?" நம்பர் வேண்டாம் சார், நேரம் மட்டும் போதும், எந்த வீட்டுல எத்தனை மணிக்கு ஆரம்பிச்சு எத்தனை மணிக்கு முடிச்சாங்க, அது போதும், யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம். செக்ரட்டரி முன்னால இருந்த என் தாளைத் தட்டுனாரு, மஞ்சள் கோட்டு மேலயே விரலை வச்சு. "கணக்கெடுப்பாளர் எண் இல்லாமல் இந்த ஆய்வு சாத்தியமே இல்லை. நீங்க எழுதினதுதானே மேடம்? உங்க கையெழுத்துதானே?" என்னுதுதான் சார். தப்பா எழுதிட்டேன். பயமா இல்ல, சத்தியமா பயமா இல்ல. ஆராய்ச்சி போச்சு. போனா போவட்டும். மூணு வருஷம். ஐயோ மூணு வருஷம், தேவசகாயம் சார் கொல்லப் போறாரு. தலைவர் தன்மையாத்தான் சொன்னாரு, நல்ல மனுஷன், கோவமே படல. "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இன்னைக்கு நம்பரை வாங்கிக்கலைன்னா திரும்ப எப்ப கமிட்டி கூடும்னு எங்களுக்கே தெரியாது. நேரத்தைத் தர முடியாது. முடியாதுன்னா முடியாதுதான்." சரிங்க சார். அப்ப ஏன் முடியாதுன்னு எழுதிக் குடுங்க சார். நான்தான் பேசுறேன், என் வாய்தான், நிறுத்தத் தெரியல. எனக்கு ஏன் வேணும்னு நான் ரெண்டு பக்கம் எழுதினேன் சார், தமிழ்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு. உங்களுக்கு அது ஏன் முடியாதுன்னு நீங்க ஒரு பக்கம் எழுதுங்க. தமிழ்ல மட்டும் போதும். "அப்படி எழுதிக் குடுக்கிற வழக்கம் இல்லம்மா. காரணம் சொல்ல வேண்டியது கேக்கிறவங்கதான்"னாரு தலைவர், பாவம், வழி தெரியாதவனுக்கு வழி சொல்ற மாதிரி. நான் எந்திரிக்கல. எந்திரிக்கணும்னு தெரியுது, கால் எந்திரிக்க மாட்டேங்குது. அப்ப அந்த ஸ்வெட்டர் போட்ட அம்மா, இவ்வளவு நேரமும் வாயைத் திறக்காதவங்க, டீ கிளாஸைத் தள்ளி வச்சாங்க. முன்னால கெடந்த வெள்ளைத் தாள்ல ஒண்ணை உருவி, மேஜை மேலயே சறுக்கி விட்டாங்க, அது தலைவரைத் தாண்டிப் போயி செக்ரட்டரி கையில இடிச்சு நின்னுச்சு. "எழுதுங்களேன் சார். எனக்கும் தெரிஞ்சுக்கணும்"னாங்க. செக்ரட்டரி தலைவரைப் பாத்தாரு. தலைவர் ஜன்னலைப் பாத்தாரு. செக்ரட்டரி சட்டைப் பையில இருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழட்டி, மேல தேதியைப் போட்டாரு. அதுக்குக் கீழ பேனா இறங்கி, தாளைத் தொடாம அப்படியே நின்னுச்சு. நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால இழுத்துப் போட்டு வசதியா உக்காந்தேன். எனக்கு ஒரு அவசரமும் இல்ல.